கேம்பர் வான் தாங்கியில் சுண்ணாம்பு பிடிக்காமல் பார்ப்பது எப்படி?

போன ஆடியில் உகந்தைக்குப் போயிருந்தோம். கோயிலடியில் வானை நிறுத்தி, கைகால் கழுவலாமென்று பைப்பைத் திறந்தால் மோட்டர் மட்டும் கத்துகிறது, தண்ணி நூல்போல வருகிறது. "மோட்டர் போயிட்டு மச்சான்" என்றான் தங்கச்சி புருசன். நானும் நம்பினேன். திரும்பும் வழியில் அக்கரைப்பற்றில் புது மோட்டர் வாங்கிப் பூட்டினோம். அதே நூல். மறுகாதான் மோட்டருக்கு முன்னால் இருக்கிற வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது. முட்டைக்கோதை நொறுக்கிப் போட்டதுபோல அரைக் கைப்பிடி வெள்ளைச் செதில். பழைய மோட்டருக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டு மூலையில் கிடக்கிறது.

எங்களுடையது பழைய டொல்பின் வான். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு 60 லீட்டர் பிளாஸ்டிக் தாங்கி, 12 வோல்ட் மோட்டர், ஒரு சின்னக் கழுவுதொட்டி வைத்திருக்கிறோம். கூரையில் கறுப்புப் பெயின்ட் அடித்த பிவிசி பைப் ஒன்று, வெயிலில் சுடுகிற தண்ணியில் குளிக்க. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ வான் வைத்து ஓடுகிற யாரிடமும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான் இருக்கும். வானை இப்போதுதான் மாற்றிக் கட்டுகிறீர்களென்றால், நான் மோட்டர் வாங்கிப் படித்ததை நீங்கள் வாங்காமலே படிக்கலாம்.

வேலைக்கு முன் ஒரு விஷயம்: சவர் வேறு, வன்மை வேறு

நம்மூரில் தண்ணியைப் பற்றிக் கேட்டால் "சவரா, நல்ல தண்ணியா?" என்றுதான் கேட்பார்கள். சவர் என்பது கறியுப்பு, நாக்கு கண்டுபிடித்துவிடும். சுண்ணாம்பாகப் படிவது கல்சியமும் மக்னீசியமும். பள்ளிக்கூடத்தில் வன்னீர், மென்னீர் என்று படித்தோமே, அது. இளநீர்போல இனிக்கிற கிணற்றுத் தண்ணியும் வன்னீராக இருக்கலாம். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணலைத் தோண்டினால் சிப்பியும் சோகியும் வரும். மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சிப்பியைக் கரைக்கிறது. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் சிப்பிக்குப் பதில் உக்கிய பாறை. இரண்டு கரையிலும் கிணறு பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.

கரைந்தது திரும்பக் கல்லாவது இரண்டு இடத்தில். ஒன்று, தண்ணி சுடுகிற இடம்: சூட்டில் காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று கரைந்திருக்க முடியாமல் ஒட்டுகிறது. கேத்தலின் அடி வெள்ளையாவது இதனால்தான். மற்றது, தண்ணி காய்கிற இடம்: அங்கே கரைந்திருந்த எல்லாமே அப்படியே மிஞ்சும். குளிர்ந்த தாங்கியில் ஓடிக்கொண்டிருக்கிற தண்ணி அதிகம் படியாது. எங்கள் வானில் நடந்தது இரண்டாவது. பயணம் முடிந்ததும் அடியில் ஐந்தாறு லீட்டரோடு வெயிலில் நிறுத்திவிடுவோம்; ஒரு மாதத்தில் அது வற்றித் தோலாகும்; அடுத்த பயணத்தில் பாணமைக்கு அப்பால் உள்ள கிறவல் ரோட்டில் வான் குலுங்கக் குலுங்க அந்தத் தோல் உரிந்து மோட்டருக்குப் போகும்.

1. தண்ணியைச் சவுக்காரத்தால் பாருங்கள்

ஒரே அளவான இரண்டு போத்தல். ஒன்றில் மழைத்தண்ணி அரைக் கோப்பை, மற்றதில் நீங்கள் நிரப்பப்போகிற தண்ணி அரைக் கோப்பை. உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக் கட்டியைச் சீவி மழைத்தண்ணியில் கரைத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டுக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் நிலைத்து நிற்க எத்தனை கரண்டி போகிறது என்று எண்ணுங்கள். மழைத்தண்ணிக்கு ஒன்று போதும். எங்கள் கல்லடிக் கிணற்றுக்கு ஏழு போனது, போத்தலுக்குள் தயிர்போலத் திரையும் மிதந்தது. அந்தத் திரைதான் வன்மை. சலவைத் தூளில் இதைச் செய்யாதீர்கள். தூள் வன்னீரிலும் நுரைக்கும், ஏமாந்துபோவீர்கள்.

இலக்கம் வேண்டுமென்றால் வன்மை பார்க்கிற கடதாசிப் பட்டி வாங்கலாம். லீட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 120க்கு மேல் வன்னீர், 180ஐத் தாண்டினால் கடும் வன்னீர். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 (2013) மொத்த வன்மைக்கு 250 மில்லிகிராம் வரை இடம் கொடுக்கிறது. ஆக, குடிக்கக்கூடிய தண்ணியும் தாங்கியைக் கல்லாக்கும். பேனைபோல இருக்கிற டிடிஎஸ் மீட்டரை இதற்கு நம்பவேண்டாம். கரைந்திருக்கிற எல்லா உப்பையும் அது சேர்த்தே காட்டும். வாவியோரக் கிணற்றில் சவரைத்தான் பெரிதாகக் காட்டும்.

ஒரு கணக்கு. லீட்டருக்கு 300 மில்லிகிராம் வன்மை உள்ள தண்ணியில் 60 லீட்டர் நிரப்பினால் உள்ளே போவது 18 கிராம் சுண்ணாம்பு. இருபது தடவை நிரப்பினால் 360 கிராம். பெரும்பகுதி பைப்பால் வெளியே போய்விடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலே 36 கிராம், ஒரு மோட்டரைத் திணறடிக்கத் தாராளம்.

2. எங்கே நிரப்புவது

என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். மட்டக்களப்பில் பைப் தண்ணி உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. அம்பாறைப் பக்கத்துக்குக் கொண்டவட்டவான் குளம். குளத்தில் சேர்வது மழைத்தண்ணி. சிப்பி மணலில் ஊறிய கிணற்றைவிடப் பொதுவாக மென்மையானது. தெற்கே போகிறோமென்றால் வீட்டிலேயே பைப்பில் நிரப்பிவிடுகிறோம், வழியில் கிணறு தேடுவதில்லை. பவுசர் தண்ணி என்றால் எங்கே எடுத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாரியில் இன்னும் சுகம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லீட்டர். பத்துச் சதுர மீட்டர் தகரத்தில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் 100 லீட்டர், தாங்கி நிரம்பி மிஞ்சும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைக்க வேண்டும், கழுவவும் குளிக்கவும் அப்படியே போதும்.

தேத்தாங்கொட்டையும் படிகாரமும் போட்டால் சரியாகும் என்று மாமி சொன்னா. கலங்கலைத் தெளிவிக்க இரண்டும் நல்ல சாமான்தான். ஆனால் கரைந்திருக்கிற சுண்ணாம்பு அவற்றுக்குப் பிடிபடாது.

3. வடிகட்டி வாங்குகிறவர்களுக்கு

நூல் வடிகட்டி மண்ணைப் பிடிக்கும். கரி வடிகட்டி குளோரின் மணத்தை எடுக்கும். இரண்டுமே வன்மையைத் தொடாது. "மூன்று கட்ட வடிகட்டி" என்று விற்கிறதை வாங்கிவிட்டுக் கல்லுப் பிடிக்கிறதே என்று அழுகிறவர்கள் உண்டு.

வன்மையை எடுப்பது ரெசின் போட்ட மென்னீராக்கி. ரெசின் மணி கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசலை மெல்ல ஓடவிட்டுக் கழுவினால் ரெசின் பழையபடி வேலை செய்யும். தூளுப்புப் போடுங்கள், மண் கலந்த கல்லுப்பு ரெசினை அடைக்கும். தாங்கிக்குப் போகிற ஹோசில் பூட்டவேண்டும். மோட்டருக்குப் பிறகு பூட்டினால் தாங்கிக்குப் பலன் இல்லை. 100 மில்லிகிராம் வன்மையை எடுக்கும்போது லீட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும். பிரஷர் உள்ள அப்பா அம்மா வானில் வருகிறார்களென்றால் குடிக்கிற தண்ணியைத் தனிக் கேனில் கொண்டுபோங்கள். ஆர்.ஓ. (தண்ணியை நுண்ணிய சவ்வினூடாகத் தள்ளி வடிக்கிற வடிகட்டி) ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுக்கும். ஆனால் எடுக்கிற வேகத்தில் தாங்கி நிரம்ப விடியும், கழிவாகவும் தண்ணி போகும். பைப்பைச் சுற்றிக் காந்தம் கட்டுகிற சாமானுக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

மாதத்தில் ஒருமுறை வான் எடுக்கிறவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். இரண்டாவது, நான்காவது படிகளே போதும்.

4. திரும்பி வந்ததும்

வந்த அன்றே தாங்கியைத் திறந்துவிடுங்கள். வடிகுழாய் இருக்கிற மூலை பள்ளமாகும்படி வானின் ஒரு சில்லைப் பலகை மேல் ஏற்றினால் கடைசி லீட்டரும் இறங்கும். கூரைப் பைப்பையும் மறக்காதீர்கள். அது சுடுகிற இடம், காய்கிற இடம் இரண்டும். வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றித் தட்டுங்கள். ஷவர் தட்டின் துளைகளை அரைத் தேசிக்காயால் தேயுங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டு விளக்குகிற அதே வித்தைதான். தேசிக்காய்ச் சாற்றைத் தாங்கிக்குள் மட்டும் ஊற்றவேண்டாம், சக்கை தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

5. வருசத்துக்கு இரண்டு தரம் புளிப்புக் கழுவல்

ஏற்கெனவே படிந்துவிட்டதென்றாலும் இதுதான் வழி. 60 லீட்டர்த் தாங்கிக்கு 300 கிராம் சிட்ரிக் அமிலத் தூள், கேக் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். பத்து லீட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்து ஊற்றுங்கள். கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்கவிடாதீர்கள். மென்னீராக்கியும் கரி வடிகட்டியும் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

உள்ளே சர்ரென்று நுரைக்கும், சுண்ணாம்பிலிருந்து காபனீரொட்சைட்டு வருகிறது. அதனால் மூடியை இறுக்காதீர்கள். ஒழுகாத அளவுக்குத் தளர்வாக வைத்து, ஊருக்குள் குண்டும் குழியுமான ரோட்டில் அரை மணிநேரம் ஓட்டுங்கள். சுவரெல்லாம் அலம்பிக் கொடுக்க அதைவிட நல்ல ஆள் இல்லை. (நம்மூர் ரோட்டால் கிடைத்த ஒரே நன்மை என்று மச்சான் சொல்கிறான்.) பிறகு ஒவ்வொரு பைப்பையும் புளிப்புத் தண்ணி வரும்வரை திறந்து மூடி, இரண்டு மூன்று மணிநேரம் விடுங்கள். கூரைப் பைப் உள்ளவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு செய்வது நல்லது. நுரை நின்று, நாக்கில் தொட்டால் புளிப்பும் இல்லையென்றால் அமிலம் தீர்ந்துவிட்டது, சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் வெள்ளைச் சேறு அடியில் தங்கும், பிறகு அதை அலசுவது தனி வேலை. முடிந்ததும் நல்ல தண்ணியால் மூன்று தரம் அலசுங்கள்.

இது பிளாஸ்டிக், துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகளுக்குத்தான். அலுமினியத்தை அமிலம் தின்னும். கக்கூஸ் கழுவுகிற அசிட்டைக் குடிநீர்த் தாங்கிக்குள் கொண்டுபோகவே வேண்டாம். வினாகிரி பரவாயில்லை, ஆனால் அளவு நிறைய வேண்டும், மணமும் இலேசில் போகாது.

6. கிருமிக்கு வேறு நாள்

குளோரின் கிருமியைக் கொல்லும், சுண்ணாம்பைக் கரைக்காது. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், கிருமிக்கு அதை நம்ப முடியாது. இரண்டு வேலையையும் ஒரே தடவையில் முடிக்கலாமென்று கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய வானுக்குள் அது உயிருக்கே ஆபத்து. புளிப்புக் கழுவல் ஒரு நாள், நன்றாக அலசி, இன்னொரு நாள் குளோரின். சுண்ணாம்பு போன பிறகு செய்வதுதான் முறை, ஏனென்றால் செதிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிற அழுக்குக்குக் குளோரின் எட்டாது. வாசனை சேர்க்காத, 5 சதவீத வெளுப்புத் திரவம் 60 மில்லிலீட்டரை 60 லீட்டர் தண்ணியில் கலந்து, பைப்புகளிலும் ஓடவிட்டு, நாலு மணிநேரம் வைத்து, மணம் போகும்வரை அலசினால் சரி.

பிறகு வடித்து, மூடியைத் திறந்து காயவிடுங்கள். அலசிய நல்ல தண்ணியில் மிஞ்சுகிற கொஞ்சம் காய்ந்தால் பெரிதாக ஒன்றும் படியாது. திறந்த வாய்க்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்றை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். மாரி காலத்தில் மூலையில் ஒரு கோப்பைத் தண்ணி தேங்கினாலும் டெங்கு நுளம்புக்குப் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முற்றத்துக்கு வந்தால் வானுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்.