ரேடார் காட்டும் தொலைவில் அயனி மண்டலப் பிழையைத் திருத்தும் முறை

செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் நெடுந்தொலைவு ரேடாரின் ரேடியோ துடிப்பு, மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தைக் கடக்கும்போது, அங்குள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் அதைத் தாமதப்படுத்துகின்றன. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டே தொலைவைக் கணக்கிடும் ரேடார், அதனால் இலக்கை உண்மையான இடத்துக்கு அப்பால் காட்டுகிறது.

முதலில் பிழையின் அளவை மதிப்பிட வேண்டும். பாதையில் சதுர மீட்டருக்கு உள்ள மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையை 40.3ஆல் பெருக்கி, ஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், பிழை மீட்டரில் கிடைக்கும். சதுர மீட்டருக்கு நூறு கோடி கோடி எலக்ட்ரான்கள் என்பது இந்த எண்ணிக்கையை அளக்கும் ஒரு டெக் (TEC) அலகு. துடிப்பு போய்த் திரும்புவதால் பிழையை இரட்டிக்கத் தோன்றும். ஆனால், ரேடார் அந்த நேரத்தை ஏற்கெனவே பாதியாக்கிவிடுவதால் அது தேவையில்லை.

மார்ஷல் தீவுகளின் குவாஜலினில் உள்ள ஆல்டேர் ரேடார் 158, 422 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண்களில் இயங்குகிறது. பாதையில் 50 டெக் அலகுகள் இருந்தால், முதல் அதிர்வெண்ணில் ஏறத்தாழ 807 மீட்டரும் இரண்டாவதில் 113 மீட்டரும் பிழை வரும். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரிலோ அது வெறும் 20 சென்டிமீட்டர்தான்.

இந்த வேறுபாடே திருத்தத்துக்கு வழிவகுக்கிறது. ஒரே இலக்கை இரு அதிர்வெண்களிலும் ஒரே நேரத்தில் அளந்து, 158 மெகாஹெர்ட்ஸ் தொலைவிலிருந்து 422 மெகாஹெர்ட்ஸ் தொலைவைக் கழியுங்கள். ஒரு டெக் அலகுக்கு இரு அதிர்வெண்களின் பிழைகளும் 13.88 மீட்டர் வேறுபடும். எனவே விடை 694 மீட்டர் என்றால், அதை 13.88ஆல் வகுக்க 50 டெக் அலகுகள் கிடைக்கும். அதற்குரிய 113 மீட்டரை 422 மெகாஹெர்ட்ஸ் அளவீட்டிலிருந்து கழித்தால் உண்மைத் தொலைவு கிடைக்கும். இலக்கு இருக்கும் அதே திசையில், அதே கணத்தில் அளந்த எண் என்பதால், அயனி மண்டலத்தின் எந்தக் கணித மாதிரியைவிடவும் இதையே நான் நம்புவேன்.

ரேடாருக்கு ஓர் அதிர்வெண் மட்டுமே இருந்தால், ஜிபிஎஸ் நிலையங்கள் தரும் செங்குத்து எலக்ட்ரான் அளவை நாட வேண்டியிருக்கும். அதைச் சாய்வுக்கேற்பப் பெருக்க வேண்டும்: அயனி மண்டலத்தை 350 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய ஓடாகக் கொண்டால், 10 பாகை ஏற்றக்கோணத்தில் பெருக்குத்தொகை ஏறக்குறைய 2.8 ஆகும். இதில் பலரும் சறுக்குகிறார்கள்: ஜிபிஎஸ் அளவு சுமார் 20,200 கிலோமீட்டர் உயரம் வரையுள்ள எலக்ட்ரான்களைச் சேர்த்தது, 400 கிலோமீட்டரில் செல்லும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அதை முழுவதுமாகக் கழித்தால், திருத்தம் மிகையாகிவிடும். எனவே அயனி மண்டல மாதிரி ஒன்றைக் கொண்டு, இலக்கின் உயரத்துக்குக் கீழுள்ள பங்கை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

அலை அதிரும் தளத்தின் திசை (தளவிளைவு), அயனி மண்டலத்தில் ஏற்படும் ஃபாரடே சுழற்சியால் திரும்பி, எதிரொலி வலுவிழப்பதும் உண்டு. அந்தத் திசை சுழன்றுகொண்டே இருக்கும் வட்டத் தளவிளைவில் அனுப்பினால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பிறகு எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலெழும்பி, எதிரொலியின் வலிமையையும் அலைக் கட்டத்தையும் (phase) நொடிக்கு நொடி ஏற்ற இறக்கம் கொள்ளச் செய்வதுண்டு. மேற்கண்ட கணக்கு சராசரித் தாமதத்தை மட்டுமே நீக்கும். இந்த மினுமினுப்பை நீக்காது. அத்தகைய நேரத்து அளவீடுகளுக்குச் சுற்றுப்பாதைக் கணிப்பில் குறைந்த எடை கொடுங்கள். ஏற்ற இறக்கம் மிகக் கடுமையாக இருந்தால், நள்ளிரவுக்குப் பின் செயற்கைக்கோள் அடுத்த முறை கடந்து செல்லும்போது மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.