மூன்றாவது கம்பியும் அறுந்தால் வீலையே மாற்றுங்கள்

மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈசிஆரில் உப்பளங்கள் தெரியத் தொடங்கும் இடம். காலை ஐந்தேகால் மணி இருக்கும். சைக்கிளின் பின்சக்கரத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்து இன்னும் நாலு மிதி மிதித்தேன். ரிம் பிரேக் கட்டையில் உரசும் சத்தம் சுற்றுக்கு ஒருமுறை கேட்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் கேசட் (பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கு) பக்கத்துக் கம்பி ஒன்று, சக்கர நடுவில் வளைந்து நுழையும் கழுத்தில் அறுந்து தொங்குகிறது. அந்த வருடத்தில் அது மூன்றாவது. 300 கி.மீ. பிரெவே (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சவாரி), 20 மணி நேரக் கெடு, முடிந்திருந்ததோ 100 சொச்சம்.

ஏழு மணிக்குக் கடை திறந்த சைக்கிள்காரர் வீலைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். கேசட்டைக் கழற்றாமல் அந்தப் பக்கக் கம்பியை மாற்ற முடியாது; கழற்றும் சாவி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அறுந்ததற்கு முன்னும் பின்னும் இருந்த இடப்பக்கக் கம்பிகளை அரைச்சுற்று தளர்த்திப் பெண்டை ஓரளவு எடுத்துவிட்டார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பால்கார சைக்கிளுக்கே முன்னால முப்பத்திரண்டு, பின்னால நாப்பது கம்பி தம்பி. இதுல பின்னால இருபத்துநாலுதான் இருக்கு. உங்கள ஏத்திக்கிட்டு அது என்ன பண்ணும்?”

என் எடை 91 கிலோ. சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 107. அவர் சொன்ன அந்த ஒரு வரி எனக்கு அன்று உறைக்கவில்லை. உறைக்க இன்னொரு வீலுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

தள்ளுபடியில் ஒரு பின்சக்கரம் கிடைத்தது. 850 கிராம், கத்தி மாதிரி தட்டையான 24 கம்பி, கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் நிப்பிள் கறுப்பு அலுமினியம். கையில் தூக்கிப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். முதல் சவாரியில் முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் ‘பிங், பிங்’ என்று பட்டாணி வெடிப்பது போலச் சத்தம். நிப்பிளைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை எடுக்காமல் அப்படியே டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது தானாகவே விடுபடும். வீடு திரும்பும்போது வீல் கோணிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கடற்கரைச் சாலை உப்பில் இரண்டு நிப்பிள் வெடித்தன. அந்தத் தட்டைக் கம்பிக்கு மாற்றுக் கம்பி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

கம்பி ஏன் அறுகிறது என்று தெரிந்தால் வாங்குவதில் பாதிக் குழப்பம் போய்விடும். இறுக்கி இழுத்ததால் அறுவதில்லை. சக்கரம் சுற்றும்போது தரையை நோக்கி வரும் கம்பிகள் ஒரு கணம் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். 25 எம்.எம். டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். 1,000 கி.மீ. போனால் ஒவ்வொரு கம்பியும் நாலே முக்கால் லட்சம் முறை தளர்ந்து இறுகியிருக்கும். கட்டுக்கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி முறிப்போமே, அதே கதைதான். சரியாக இறுக்கிய கம்பி அதிகம் ஆடாது. தளர்ந்த கம்பிதான் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பின் துளையில் கிடந்து ஆடி, கழுத்து வளைவில் விரிசல் விட்டு அறும். ஒரு கம்பி அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். மூன்று அறுந்துவிட்டால் மிச்சக் கம்பிகளும் அதே லட்சக் கணக்கைப் பார்த்தவைதான், வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம்.

ரிம்மையும் பாருங்கள். ரிம் பிரேக் சைக்கிள் என்றால் பிரேக் படும் பட்டையின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ரிம் குழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மழையில் பிரேக் கட்டையில் ஒட்டும் மணல் உப்புத்தாள் மாதிரி ரிம்மைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தேய்மானம் காட்ட ரிம்மிலேயே சின்னப் பள்ளமோ கோடோ இருந்து, அது மறைந்திருந்தாலும் இதே முடிவுதான். நிப்பிள் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் நாலு விஷயத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டயர் ஓரத்தில் 622 என்ற எண் இருக்கிறதா? 700சி என்பது அதுதான். பிரேம் பின்னால் எத்தனை அகலம்? ரிம் பிரேக் என்றால் பொதுவாக 130 மி.மீ.; டிஸ்க் என்றால் பழையவற்றில் 135, த்ரூ ஆக்ஸில் (ஹப்பின் ஊடே போய்த் திருகும் தடித்த அச்சு) வந்தபிறகு 142. கேசட் எத்தனை கியர்? ஷிமானோவின் 11 கியர் ரோடு ஹப்பில் கேசட் உட்காரும் உருளை பழையதைவிட 1.85 மி.மீ. நீளம், பழைய 8, 9 கியர் கேசட்டை அதில் மாட்ட அந்தத் தடிமனில் ஒரு வளையம் பின்னால் போட்டால் போதும், 10 கியர் என்றால் பெரும்பாலும் அதோடு 1 மி.மீ. வளையம் ஒன்றும் வேண்டும். டிஸ்க் என்றால் தட்டை ஹப்பில் பிடிப்பது ஆறு திருகாணியா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர் லாக்கா? இதில் ஒன்று தப்பினாலும் எவ்வளவு நல்ல வீலும் வீட்டில் சும்மா கிடக்கும்.

இனி கம்பி எண்ணிக்கை. என் கணக்கு இது: எழுபது கிலோவுக்குள் இருப்பவர், பை எதுவும் தூக்காதவர் முன்னால் 24, பின்னால் 28 வைத்துக்கொள்ளலாம். எழுபதிலிருந்து எண்பத்தைந்து வரை 28, 32. அதற்கு மேலே என்றால், அல்லது பிரெவே, டூரிங் என்று மூட்டையோடு போகிறவர் என்றால், பின்னால் 32க்குக் குறையவே கூடாது. 36 கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பி கூடினால் பாரம் பங்கு பிரியும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு: 32ல் ஒன்று அறுந்தால் வீல் கொஞ்சம் கோணும், உருட்டிக்கொண்டு வீடு வரலாம். 20ல் ஒன்று அறுந்தால் வீல் பிரேமில் உரசிச் சுற்றாமலே நின்றுவிடலாம்.

கம்பியில், கழுத்து வளைந்த சாதாரண வட்டக் கம்பியே வாங்குங்கள். நேர்க்கம்பி, தட்டைக் கம்பி எல்லாம் பார்க்க அழகு, ஊர் தாண்டினால் கிடைக்காது. முழு நீளமும் ஒரே தடிமன் இருப்பதைவிட, முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இழைத்த பட்டட் கம்பி அதிக நாள் உழைக்கும். மெல்லிய கம்பி எப்படி அதிகம் உழைக்கும் என்று நானும் கேட்டேன். நடுப்பகுதி லேசாக நீண்டு கொடுப்பதால் குலுக்கல் முழுக்கக் கழுத்தில் போய் விழுவதில்லை. நிப்பிள் பித்தளைதான், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அலுமினியத்தால் ஒரு சக்கரத்துக்கு மிச்சமாவது இருபது கிராம் சொச்சம். உப்புக் காற்றில் அது கம்பியோடு ஒட்டிக்கொண்டு பெண்டு எடுக்கும்போது உடையும்.

ஹப்பில் இரண்டு வகை. கோன், கப், பால்ரஸ் உள்ளது ஒன்று. ஷிமானோவின் பெரும்பாலான ஹப்கள் இப்படித்தான். வருடத்துக்கு ஒருமுறை பிரித்து கிரீஸ் வைத்தால் பல வருடம் ஓடும், வைக்காமல் விட்டுக் கப்பில் குழி விழுந்தால் ஹப்பே போச்சு. இன்னொன்று சீல்டு பேரிங். அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது அடித்துக்கொள்ளலாம். மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பாரிமுனைப் பக்கம் பேரிங் விற்கிறவரிடம் சொன்னால் போதும். கிரீஸில் கை வைக்கச் சோம்பல் இல்லாதவருக்கு முதல் வகை, இருப்பவருக்கு இரண்டாவது.

ரிம் அலுமினியம், இரட்டைச் சுவர், உள்ளகலம் 18, 19 மி.மீ. போதும். கார்பன் பற்றி இங்கே பேசவில்லை. ஸ்பீடு பிரேக்கருக்கு வெள்ளைக்கோடு போடாத ஊரில் எனக்கு அது வேண்டாம். பிரேக்கிலும் பிரேமிலும் இடம் இருந்தால் 28 எம்.எம். டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். நான் 110 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு பள்ளமும் நேராக ரிம்முக்குத்தான் போனது.

கடைசியில் நான் கட்டவைத்த பின்சக்கரம்: டிடி ஸ்விஸ் ஆர் 460 ரிம், ஷிமானோ 105 ஹப், 32 பட்டட் கம்பி, பித்தளை நிப்பிள். கூலியோடு 14,000 ரூபாய். எடை 1,070 கிராம். நான் மயங்கிய அந்த வீலைவிட 220 கிராம் கூடுதல், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர்.

ஆனால் இதே சாமான்களை வேறொருவர் அரைகுறையாகக் கட்டியிருந்தால் இதுவும் அறுந்திருக்கும். அதனால் வீல் யார் கட்டியதாக இருந்தாலும், கடையை விட்டு வெளியே வரும் முன் கையால் சோதியுங்கள். பின்சக்கரத்தில் கேசட்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ரிம் ஹப்பின் வலப்பக்கத்துக்கு நெருங்கி நிற்கும். வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்து, இடப்பக்கம் சாய்வு. வலப்பக்கம் நன்றாக இறுக்கினால்தான் இடப்பக்கத்துக்கு அதில் பாதியாவது இழுவை கிடைக்கும். கம்பியின் இழுவையை அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர் என்றால் வலப்பக்கம் 110, 120 கிலோ காட்ட வேண்டும் (ரிம்முக்குச் சொன்ன வரம்பைத் தாண்டாமல்). மீட்டர் இல்லையா? வலப்பக்கக் கம்பிகளை மட்டும் ஒன்று விட்டு ஒன்றாக நகத்தால் சுண்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கச்சேரிக் காது தேவையில்லை, நடுவில் ஒன்று ‘தொப்’ என்றால் யாருக்கும் தெரியும். பிறகு இடப்பக்கம், சுருதி இறங்கித்தான் இருக்கும், அதற்குள் ஒற்றுமை இருந்தால் சரி. வீல் கோணாமல் சுற்றுகிறது என்பது மட்டும் போதாது. இரண்டு கம்பியைக் கன்னாபின்னாவென்று இறுக்கி, பக்கத்தில் இரண்டைத் தளர்த்தியும் கோணாமல் காட்டிவிடலாம்.

கட்டுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: “ஜோடி ஜோடியாப் பிடிச்சு அழுத்தினீங்களா?” இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாக உள்ளங்கையில் பிடித்து பலமாக அழுத்தினால் முறுக்கு விடுபட்டு, கழுத்து வளைவு ஹப்பில் சரியாகப் படியும். என் வீலைக் கட்டியவர் மூன்று முறை அழுத்தி, மூன்று முறை பெண்டு எடுத்தார். முதல் சவாரியில் ஒரு ‘பிங்’ கூடக் கேட்கவில்லை.

கையோடு கம்பி நீளங்களை எழுதி வாங்குங்கள். பின்னால் வலமும் இடமும் ஒரே நீளம் இருக்காது. ஒவ்வொன்றிலும் இரண்டு உபரி வாங்கிச் செயின் ஸ்டேயில் (பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பிரேம் குழாய்) டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கேசட் கழற்றும் சாவியும் இப்போது பையில் இருக்கிறது. 300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை திரும்ப எடுத்துப்போய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை 11,000 கி.மீ. ஒருமுறை லேசாகப் பெண்டு எடுத்தேன், கம்பி எதுவும் அறவில்லை. முன்சக்கரம் இன்னும் கம்பெனி கொடுத்த அதே 20 கம்பிதான். பாரம் பெரும்பாலும் பின்னால்தான் விழுகிறது, முன்னால் கேசட்டும் இல்லை. ரிம் குழியும்வரை அதை மாற்றுவதாக இல்லை.