கார்த்திகைப்பூவைப் போனில் படம் எடுப்பது எப்படி?

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலையில் வேலியோரமும் பற்றைக்காடும் கார்த்திகைப்பூவால் சிவந்துவிடும். சங்க இலக்கியத்தில் இதற்குக் காந்தள் என்று பெயர். மலைநிலமான குறிஞ்சிக்குரிய பூ, முருகன் சூடும் பூ. நம் முன்னோர் இதை இரத்தம், சுடர், பெண்ணின் விரல் என்றெல்லாம் பார்த்தார்கள். எந்தக் கோணத்தில் எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இந்த மூன்றே நல்ல வழிகாட்டி.

முதலில் பூவைத் தெரிவு செய்யுங்கள். ஒரே கொடியில் பச்சை மொட்டு, அடி மஞ்சளும் நுனி சிவப்புமான பூ, முழுக்கச் சிவந்த பழைய பூ எல்லாம் இருக்கும். ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் பின்னால் மடிந்து மேல்நோக்கி நிற்கும். மகரந்தக் காம்புகள் ஆறும் சில்லுக்கம்பி போலச் சுற்றிவர விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும்.

விரலைக் காட்ட வேண்டுமென்றால் குந்தியிருந்து, பூவின் உயரத்துக்குப் போனை இறக்கிப் பக்கவாட்டில் எடுங்கள். மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போகாதீர்கள், ஃபோகஸ் விழாது. இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு ஸூம் வையுங்கள். சுடருக்குக் காலை வெயில் பூவுக்குப் பின்னால் இருக்கட்டும்.

இரத்தம்தான் கஷ்டம். குறுந்தொகையின் முதல் பாட்டில் தலைவன் காந்தளைக் கையுறையாக, அதாவது காதலிக்குக் கொடுக்கும் பரிசாகக் கொண்டு வருகிறான். முருகன் கொன்ற அவுணரின் (அசுரரின்) குருதியால் சிவந்த போர்க்களத்தைச் சொல்லி, அந்த முருகனின் குன்றில் குருதிப்பூ குலைகுலையாகக் கிடக்கிறதே என்று தோழி அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அந்தச் சிவப்பைப் போன் லேசில் பிடிக்காது. இதழின் மடிப்பெல்லாம் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். இதழைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். மடிப்பும் நெளிவும் திரும்பத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். முகில் மூடிய நாள்தான் இதற்கு வாய்ப்பு. மாரியில் அதற்கென்ன பஞ்சம்!

வாடைக்காற்றில் கொடி ஆடும். காற்று வரும் பக்கம் ஒருவரைக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு, அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பூவைப் பறித்து வீட்டில் வைத்து எடுக்க வேண்டாம். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் இன்னும் அதிகம். கொடியைத் தொட்டிருந்தால் சாப்பிட முன்பு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.