எஞ்சிய என்ட்ரோபி: எங்கெங்கே சறுக்குகிறோம்?

"தனிச்சுழி வெப்பநிலையில் எந்தப் பொருளுக்கும் என்ட்ரோபி சுழி." வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதியை இப்படிச் சுருக்கி எழுதிவிட்டுப் போகிறவர்கள் அநேகம். (தனிச்சுழி என்பது 0 கெல்வின்; என்ட்ரோபி என்பது மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு.) விதி அப்படிச் சொல்லவில்லை. குறையற்ற படிகம், அதுவும் உள்ளுக்குள் சமநிலை எய்திய படிகம் என்றால்தான் அந்தச் சுழி. நிபந்தனையை விட்டுவிட்டால் கார்பன் மோனாக்சைடு, பனிக்கட்டி, கண்ணாடியாக உறைந்த கிளிசரால் எல்லாமே விதியை மீறுவதுபோலத் தெரியும். உண்மையில் இவை குளிரும் வழியில் மூலக்கூறுகள் நகர முடியாமல் மாட்டிக்கொண்டு, சமநிலையை எட்டாமலே நின்றுபோனவை. அப்படித் தங்கிவிட்ட ஒழுங்கின்மையின் அளவுதான் எஞ்சிய என்ட்ரோபி.

யாரோ 0 கெல்வினுக்கே போய் இதை அளந்தார்கள் என்ற எண்ணமும் உண்டு. அங்கே போகவே முடியாது. எஞ்சிய என்ட்ரோபியை அளப்பது என்பது இரண்டு எண்களின் வித்தியாசத்தைக் காண்பது, அவ்வளவுதான். ஒன்று, வெப்ப ஏற்புத்திறனைத் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து படிப்படியாக அளந்து கூட்டி எடுப்பது. இன்னொன்று, வாயு மூலக்கூறின் நிறமாலைத் தரவுகளிலிருந்து கணக்கிடுவது. 1936-இல் ஜியோக்கும் ஸ்டவுட்டும் 298 கெல்வினில் நீராவிக்குப் பெற்ற வெப்ப அளவீட்டு மதிப்பு மோலுக்கு, கெல்வினுக்கு 44.28 கலோரி, நிறமாலை மதிப்பு 45.10. வித்தியாசம் 0.82 கலோரி, அதாவது சுமார் 3.4 ஜூல் (இனி வரும் ஜூல் எண்களும் மோலுக்கு, கெல்வினுக்கு). இதில் நிறமாலை மதிப்புதான் பெரியது. தேர்வில் இதைத் தலைகீழாகக் கழித்து, எஞ்சிய என்ட்ரோபிக்கு எதிர்க்குறி மதிப்பு எழுதினால் விடை பார்த்தவுடனே தவறு: சாத்தியமான அமைப்புகளின் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போகாது.

அதிகம் தடுக்கி விழும் இடம் கார்பன் மோனாக்சைடு. மூலக்கூறு இரு திசைகளில் ஏதாவது ஒன்றைப் பார்த்து நிற்கலாம். மூலக்கூறு ஒன்றுக்குரிய அமைப்புகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை எடுத்து வாயு மாறிலியால் பெருக்கினால் ஒரு மோலின் என்ட்ரோபி வரும். ஆகவே 2-இன் இயல் மடக்கையை வாயு மாறிலியால் பெருக்கி 5.76 ஜூல் என்று எழுதி முடித்துவிடுகிறோம். அளவீடு தருவதோ சுமார் 4.6. கணக்கு தவறில்லை, 5.76 என்பது திசைகள் முழுக்க முழுக்கத் தாறுமாறாக இருந்தால் வரும் உச்சவரம்பு. படிகத்தில் ஓரளவு ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது.

இதே 5.76-ஐ இரு வேறு அணுக்கள் கொண்ட எல்லா மூலக்கூறுகளுக்கும் ஒட்டிவிடுவது இன்னும் மோசம். ஹைட்ரஜன் குளோரைடுக்கு எஞ்சிய என்ட்ரோபி இல்லை. அதன் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறின் இரு முனைகளுக்கிடையே மின்னேற்றம் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதன் அளவு, அலகு டிபை) சுமார் 1.1 டிபை, குளிரும்போது மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்துவிடுகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு அது 0.1 டிபை அளவுதான். 68 கெல்வினில் உறையும்போது இரு திசைகளுக்கும் ஆற்றலில் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாகும் வெப்பநிலைக்கு இறங்கும்போதோ, திரும்பிக்கொள்ளத் தேவையான ஆற்றல் இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு வேறுவிதமான பொறி. படிகத்தில் அது இரட்டை மூலக்கூறாக இருக்கிறது. இரண்டு திசைகள் ஒவ்வொரு இரட்டைக்கும்தான். ஒரு மோல் நைட்ரிக் ஆக்சைடில் இரட்டைகள் அரை மோல், ஆகவே கிடைப்பது 5.76-இல் பாதி, 2.88. அளவீடும் ஏறத்தாழ 3 ஜூல்தான்.

பனிக்கட்டியில் செய்யும் தவறு, அண்டை மூலக்கூறுகளை மறப்பது. ஒரு நீர் மூலக்கூறு தன் இரு ஹைட்ரஜன்களை நான்கு பிணைப்புத் திசைகளில் ஆறு விதமாக வைக்கலாம். அதற்காக 6-இன் மடக்கையைப் போட்டால் 14.9 ஜூல் வரும். அளவீட்டைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் இருக்க வேண்டும் என்பதால், எதிரே உள்ள மூலக்கூறுகள் இடம் விட்டால்தான் இந்த ஆறில் ஒன்று பலிக்கும். நம் மூலக்கூறு ஹைட்ரஜனை நீட்டும் இரு திசைகளிலும் இடம் காலியாக இருக்கும் வாய்ப்பு அரையில் அரை, அதாவது கால். ஆறில் கால், 3/2. லைனஸ் பாலிங் 1935-இல் எண்ணிய வழி சாரத்தில் இதுதான், விடை 3.37 ஜூல். அடுத்த ஆண்டே அளவீடு வந்து அருகில் நின்றது. மூலக்கூறுகள் வளையங்களாக இணைந்திருப்பதைப் பாலிங் கணக்கில் சேர்க்கவில்லை. 1966-இல் நேகிள் அதையும் சேர்த்தபோது 1.5 என்பது 1.507 ஆனது. இவ்வளவு எளிய தோராயம் இவ்வளவு பக்கத்தில் போய் விழுவது அபூர்வம்.

சுழிநிலை ஆற்றலையும் (0 கெல்வினிலும் நீங்காத ஆற்றல்) எஞ்சிய என்ட்ரோபியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திரவ ஹீலியத்துக்குச் சுழிநிலை ஆற்றல் அதிகம், சாதாரண அழுத்தத்தில் அது உறைவதே இல்லை; ஆனாலும் அதன் என்ட்ரோபி சுழியை நோக்கியே போகிறது. படிகம் என்பதைவிடச் சமநிலை என்பதே முக்கியம் என்று இதிலிருந்து தெரியும். அணுக்கருச் சுழற்சி, ஐசோடோப்புக் கலப்பு ஆகியவற்றின் பங்கை வழக்கமான அட்டவணைகளில் சேர்ப்பதில்லை. நம் கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டு அட்டவணையோடு ஒப்பிட்டால் விடை இடிக்கும்.

கடைசியாக, 3.4 ஜூலை நீரின் மாறாத பண்பு என்று மனப்பாடம் செய்வது. 1982-இல் ஜப்பானில் தாஜிமா, மத்சுவோ, சுகா மூவரும் பனிக்கட்டியில் மிகச் சிறிதளவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து, தாழ்ந்த வெப்பநிலையில் நாட்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்த மாசு உண்டாக்கிய குறைகளின் வழியே ஹைட்ரஜன்கள் இடம் மாற முடிந்தது. 72 கெல்வினில் ஒரு நிலைமாற்றம் தெரிந்தது. எஞ்சிய என்ட்ரோபியின் பெரும்பகுதி அதில் வெளியேறிவிட்டது.