மழையில் பழைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பிளக் கேப்பைப் பாருங்கள்

மழையில் நனைந்த பழைய புல்லட்டோ யெஸ்டியோ கிளம்ப மறுத்தால் உடனே கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஸ்பார்க் பிளக் கேப்பில்தான், அதாவது என்ஜினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் தொப்பியில்தான். ரப்பர் இறுகி வெடித்திருந்தால் ஈரம் உள்ளே புகுந்துவிடும். மின்சாரம் பிளக் நுனிக்குப் போகாமல், பிளக்கைச் சுற்றியுள்ள ஈரமான வெள்ளைப் பீங்கான் மேலேயே ஓடி என்ஜின் உடம்பில் இறங்கிவிடும்.

சாவியை அணைத்துவிட்டுக் கேப்பை உருவுங்கள். அதன் உட்புறத்தையும் பீங்கானையும் காய்ந்த துணியால் துடையுங்கள். அப்புறம் கேப்பை இடப்பக்கம் திருகினால் பல வண்டிகளில் வயரிலிருந்து தனியே கழன்று வரும். வயர் நுனி பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதுச் செம்பில் மறுபடி திருகி ஏற்றுங்கள்.

பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் தொட்டு விலகி இயக்கும் சின்ன உலோக முனைகள்) உள்ள வண்டியா? பாயிண்ட் மூடியைத் திறந்து, பாயிண்ட் இடுக்கில் காய்ந்த விசிட்டிங் கார்டைச் செருகி இழுத்தால் ஈரமும் அழுக்கும் வந்துவிடும்.

கிளம்பிய பிறகும் திக்கினால், இருட்டில் ஓடவிட்டுப் பாருங்கள். வயர் ஓரமாக நீலப்பொறி தெரிந்தால் வயரையே மாற்ற வேண்டும். தொட்டுப் பார்க்காதீர்கள், நன்றாகவே ஷாக் அடிக்கும்!

கேப்பின் உள்விளிம்பில் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவி வைத்தால் ஈரம் ஏறாது. சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும்.