புதுக் கொம்பைலரில் பக் வந்தால் நாங்கள் விடுகிற பிழைகள்

"பக் அறிவித்து இரண்டு மாதமாகிறது, ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை." யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இப்படிப் புலம்பும் தம்பிமார் சிலரை எனக்குத் தெரியும். நானும் புலம்பினவன்தான். ஆனால் பாதிப் பிழை எங்களுடையது.

கொம்பைலரின், அதாவது நாங்கள் எழுதும் கோடைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றும் மென்பொருளின், புது வேர்ஷன் வந்த கிழமையே பழசைக் கழற்றி எறிவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. பழசு பக்கத்தில் இருந்தால்தான் "போன வேர்ஷனில் சரியாக ஓடியது" என்று காட்டலாம். சி, சி++ போன்ற மொழிகளுக்கான ஜிசிசி கொம்பைலரில் இதற்கு ரிக்ரெஷன் என்று பெயர், ஏற்கனவே வெளியிட்ட வேர்ஷன் வரிசைகளுக்குள் பொதுவாக அந்த வகைத் திருத்தங்களையும் ஆவணத் திருத்தங்களையும்தான் சேர்ப்பார்கள். அதாவது அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்கள் பக் அடுத்த வருடத்து வேர்ஷனுக்குப் போய்விடக்கூடும்.

பிறகு, பக் இல்லாததைப் பக் என்று எழுதுவது. ஜிசிசி 14 வந்தபோது, சி மொழியில் முன்கூட்டி அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் எச்சரிக்கைக்குப் பதிலாக எரர் வந்தது. அது வேண்டுமென்றே செய்த மாற்றம். ஒப்டிமைசேஷன் (கோட் வேகமாக ஓட கொம்பைலர் செய்யும் மாற்றங்கள்) கூட்டினால் மட்டும் விடை பிழையாக வருகிறதா? அனேகமாக உங்கள் கோடில்தான் எங்கேயோ இன்டிஜர் ஓவர்ஃப்ளோ (முழு எண் தன் எல்லையைத் தாண்டுவது) போன்ற பிழை. முதலில், ஓடும்போதே இப்படியான பிழைகளைப் பிடித்துத் தரும் சானிடைசரோடு ஓட்டிப் பாருங்கள். ஆனால் "இன்டர்னல் கொம்பைலர் எரர்" என்று கொம்பைலரே விழுந்தால், உங்கள் கோட் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் குற்றம் அவர்களுடையதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, முழு புரொஜெக்டையும் சிப் பண்ணி அனுப்புவது. நான் ஒருமுறை அனுப்பினேன், ஆறு கிழமை சத்தமில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என் நாற்பதாயிரம் வரியை உட்கார்ந்து வாசிப்பார் என்று எந்த நம்பிக்கையில் அனுப்பினேனோ! பிறகு பிரீபுராசஸ் செய்த (ஹெடர் ஃபைல்கள் எல்லாம் உள்ளே விரிந்த) ஃபைலை, பக் மறையாதபடி கோடைத் தானே சுருக்கும் சி-ரெட்யூஸ் என்ற கருவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன், விடிய எழும்பிப் பார்த்தால் பதினாறு வரி மிஞ்சியிருந்தது. அதையும் கொம்பைலரின் சரியான வேர்ஷனையும் கட்டளை வரியையும் சேர்த்துப் போட, அன்றிரவே பதில்.

எங்கே அறிவிக்கிறோம் என்பதும் முக்கியம். 2000ஆம் ஆண்டில் ரெட் ஹாட் லினக்ஸ் 7 உடன் வந்த "ஜிசிசி 2.96" தங்கள் வெளியீடே இல்லை என்று ஜிசிசி குழு வெளிப்படையாகச் சொன்னது. லினக்ஸ் விநியோகத்தோடு வந்த கொம்பைலர் என்றால், தந்தவர்களிடமே முதலில் கேளுங்கள்.

கடைசியாக, பக்குக்கு "ஃபிக்ஸ்ட்" (திருத்தியாயிற்று) என்று போட்டவுடன் திருத்தம் கையில் வந்துவிட்டது என்று நினைப்பது. ஜிசிசி 14.1 வந்தது 2024 மே 7, 14.2 வந்தது ஆகஸ்ட் 1. மே மாதம் திருத்தின பக்குக்கும் நல்லூர்த் திருவிழா நெருங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், கஸ்டமர் காத்திருப்பாரா? அதுவரை அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஒப்டிமைசேஷனைக் குறைத்து, பக்கத்தில் பக் இலக்கத்தை எழுதிவையுங்கள். நான் இலக்கம் எழுதாமல் விட்ட ஒரு வரி கொம்பைல் கட்டளைகளை வைத்திருக்கும் எங்கள் மேக்ஃபைலில் இன்னும் கிடக்கிறது, அதை எடுக்க ஒருத்தருக்கும் துணிவில்லை.