ஏரியா பார்க்கும் முன் ஏரியைப் பாருங்கள்

சென்னை சைதாப்பேட்டையில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தோம். ஹவுஸ் ஓனர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஆறு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனி வாடகை வேண்டாம், கடனோ உடனோ வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். கையில் 80 லட்சம் வரை கணக்கு. என் கணவருக்கு வேலை பெருங்குடியில், எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில். மகள் எட்டாம் வகுப்பு. அத்தைக்கு முழங்கால் வலி. அலசி அலசி இரண்டு இடம் மிஞ்சியது. அவர் மடிப்பாக்கம் என்றார், நான் சிட்லபாக்கம் என்றேன். நான்கு மாதம் சுற்றி இருபத்து மூன்று வீடு பார்த்தோம். அப்போது நோட்டில் எழுதி வைத்ததிலிருந்து இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் நான் செய்தது வெட்டி வேலை. கணக்குப் பிரிவில் இருப்பவள் ஆயிற்றே, எக்ஸெலில் அட்டவணை போட்டேன். பள்ளிக்கு இத்தனை மார்க், ஆஸ்பத்திரிக்கு இத்தனை, மார்க்கெட்டுக்கு இத்தனை. கூட்டிப் பார்த்தால் 71க்கு 70. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அப்புறம்தான் புரிந்தது, மடிப்பாக்கத்துக்குள்ளேயே ஒரு தெரு மேடு, அடுத்த தெரு பள்ளம். சிட்லபாக்கத்திலும் அதே கதை. ஊர்ப் பெயருக்கு மார்க் போடாதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று தெருவைப் பிடித்துத் தெருவோடு தெருவை வைத்துப் பாருங்கள்.

தெருவில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். தென்சென்னையில் வீடு தேடுகிறவர்கள் ஏரிகளின் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஆக நான் கேட்ட ஊர் வரிசையின் தலையில் இருக்கிறது, அவர் கேட்ட ஊர் வால் பக்கம். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலையில் இருப்பதாலேயே ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. உபரி நீர் போகும் கால்வாய் அடைத்துக்கொண்டால் ஏரியை ஒட்டிய தெருவில்தான் முதலில் முழங்கால் ஆழம் நிற்கும். அதனால் வீட்டு வாசலில் நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே பெய்கிற மழை எந்தப் பக்கம் போகும்? மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினால் அந்தத் தெருத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

தரகர் கூட இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். காம்பவுண்ட் சுவரில் ஒரு உயரம் வரை மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறதா, கரண்டு மீட்டர் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்களா, தண்ணீர் மோட்டாருக்குத் தனியாக மேடை கட்டியிருக்கிறதா, மருந்துக்கடைக்காரர் ஃபிரிட்ஜை நாலு செங்கல் மேல் நிறுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். வாசலில் இருந்து வீட்டுக்குள் படி இறங்குகிறதென்றால், ரோடு போடப் போட உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கமெல்லாம் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அப்படித் தூக்கிய வீடு தெருவில் இரண்டு இருந்தால் போதும், வேறு அத்தாட்சி தேவையில்லை.

பிறகு கேட்க வேண்டிய ஆள். சொந்த வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பாவம், அவர் வீட்டு விலையும் அதில் மாட்டியிருக்கிறது. குடியிருக்கும் வாடகைக்காரர், தண்ணீர் கேன் போடும் பையன், இஸ்திரி வண்டிக்காரர், இவர்களிடம் கேளுங்கள். 'மழைக்குத் தண்ணி நிற்குமா' என்று மொட்டையாகக் கேட்டால் 'அதெல்லாம் இல்லீங்க' என்பார்கள். தேதி சொல்லிக் கேட்க வேண்டும். 2015 டிசம்பரில் எவ்வளவு நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் கரண்டு இல்லை, 2019 கோடையில் குடிக்க என்ன செய்தீர்கள். மடிப்பாக்கத்தில் ஒரு இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நீங்க நிக்கிற இடத்துல என் வண்டி மிதந்துச்சு. அந்த முக்கு வீடு மட்டும் பாருங்க, அங்க ஏறலை," என்றார். இரண்டு மாதம் கூடவே சுற்றிய தரகர் இதில் பாதிகூடச் சொன்னதில்லை.

அந்தத் தரகர் திரும்பத் திரும்பச் சொன்னது, "ஸ்டில்ட் பார்க்கிங் மேடம், கீழ வெறும் தூணும் வண்டியும்தான், வீட்டுக்குள்ள தண்ணி வராது." உண்மைதான், வராது. ஆனால் லிஃப்ட் குழி, மோட்டார், கரண்டு போர்டு, வண்டி எல்லாம் கீழேதானே இருக்கிறது? சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், சாக்கடை கலந்துவிட்டால் குழாயைத் திறக்க முடியாது. அத்தை மூன்றாவது மாடியில் நாலு நாள் உட்கார வேண்டியதுதான்.

கோடைத் தண்ணீருக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் இரண்டு போர்வெல்களில் நான் அளந்தபோது ஒன்றுக்கு இன்னொன்று இரண்டு மடங்கு இருந்தது. பழைய ஃபிளாட் என்றால் சங்கத்தின் கணக்கு நோட்டைப் பார்க்கக் கேளுங்கள். லாரித் தண்ணீருக்கு எந்த மாதம் எவ்வளவு போனது, கழிவுநீர் லாரி எத்தனை தடவை வந்தது என்று அதில் இருக்கும். காட்ட மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தை மேப்பில் பார்த்து நம்பாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தெருவிலிருந்தே ஆபீஸ் கிளம்புங்கள். நாங்கள் இரண்டு ஊருக்கும் அப்படிச் செய்தோம். சிட்லபாக்கத்திலிருந்து சானடோரியம் ஸ்டேஷன் போய், மின்சார ரயிலில் கிண்டி. எனக்குச் சுகமாக இருந்தது. அவருக்குத்தான் திண்டாட்டம், பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஊர்ந்து போக வேண்டும். மடிப்பாக்கம் அப்படியே தலைகீழ். அவர் சீக்கிரம் போய்விட்டார், நான் மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்புகளுக்கு நடுவில் பஸ்ஸில் நின்றேன்.

மெட்ரோ என்றதும் நினைவுக்கு வருகிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் பாதை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாக வருகிறது. அந்தப் பக்கத் தரகர்கள் ரயில் டிக்கெட்டையும் வீட்டு விலையில் சேர்த்தே சொல்கிறார்கள். குரோம்பேட்டை பக்கத்தில் விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீட்டிக்கும் திட்டத்தைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். எங்கள் கணக்கு எளிது: தூண் நின்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், அறிவிப்புக்குக் காசு கொடுக்க முடியாது.

அத்தையைக் கூட்டிப் போனது நாங்கள் செய்த நல்ல காரியம். மாலை ஏழு மணிக்கு இரண்டு ஊரிலும் வீட்டிலிருந்து மருந்துக்கடை வரை நடக்கச் சொன்னோம். நாங்கள் பார்க்காததையெல்லாம் அவர் பார்த்தார். எரியாத விளக்கு, நாய்க்கூட்டம், நடுவில் உட்கார ஒரு திண்ணைகூட இல்லாதது. "வீடு நல்லாத்தான் இருக்கு. வெளிய வந்தா எனக்கு எங்க போக்கு?" என்று ஒரு வீட்டைத் தள்ளிவிட்டார்.

'சென்னைக்குள்ளதானே?' என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். மடிப்பாக்கம் 2011ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. பேரூராட்சியாக இருந்த சிட்லபாக்கம் 2021ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. வரி எங்கே கட்டுவது, குப்பைக்கு யாரைக் கூப்பிடுவது என்பது மாறும், அவ்வளவுதான்.

காகிதத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீடு மனதில் ஒட்டுவதற்கு முன்பே சர்வே எண்ணை வாங்கிவிடுங்கள். பட்டாவையும், நிலம் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வரி ரசீதும் கரண்டு இணைப்பும் உங்களைக் காப்பாற்றாது. மடிப்பாக்கம் பக்கம் இன்னொரு சங்கதி உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகக் கட்ட அனுமதி தரக்கூடாது என்று 2025ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. புது புராஜெக்டில் பணம் போடும் முன் தூரத்தை அளந்து, அனுமதி தேதியைப் பார்த்து, உத்தரவின் இன்றைய நிலையை வக்கீலிடம் கேளுங்கள். பத்திரச் செலவும் ஞாபகம் இருக்கட்டும். கை மாறும் பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்கள் 80 லட்சத்தில் இதுவும் அடக்கம் என்பதால் 72க்கு மேல் வீடு பார்ப்பதையே நிறுத்தினோம்.

கடைசியில் சிட்லபாக்கம், ஏரியிலிருந்து தள்ளி, பன்னிரண்டு வருடப் பழைய கட்டடத்தில் முதல் மாடி. அவர் இன்னும் ரேடியல் ரோட்டைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறார்.

ஒன்று விட்டுவிட்டேன். இதற்கு முன்னால் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு 25,000 டோக்கன் கொடுத்து, பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்து விலகினோம். பணம் திரும்பவில்லை, எழுத்தில் எதுவும் வாங்காதது எங்கள் தப்பு. இரண்டாவது தடவை ரசீதில் இப்படி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்: "வாங்குபவரின் வக்கீல் ஆவணங்களில் குறை இருப்பதாக எழுத்தில் கருத்துக் கொடுத்தாலோ, வங்கி அந்தக் காரணத்துக்காகக் கடன் மறுத்தாலோ, முன்பணம் முழுவதும் 15 நாளில் திருப்பித் தரப்படும்."